ராத்திரியில் கண் மூடும் கேமரா

கேள்வி: நாலு கேமரா, டி.வி.ஆருடன் (படத்தைப் பதியும் பெட்டி) போட்டோம். பகலில் பளிச்சென்று தெரிகிறது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கொல்லைப்புறக் கேமரா மட்டும் அடிக்கடி அணைந்து அணைந்து எரிகிறது. கேமராவை மாற்றியும் அதே கதை.
– வாசகி, அம்மாபேட்டை

கேமராவை விடுங்கள், கேபிளைச் சந்தேகப்படுங்கள். இருட்டியதும் லென்ஸைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் எல்.இ.டி.கள் எரியத் தொடங்கும். அப்போது கேமரா அரை ஆம்பியர் வரை இழுக்கும். கொல்லைப்புறம் டி.வி.ஆரிலிருந்து 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மின்சாரத்துக்குப் போக வர 60 மீட்டர் கம்பி. அந்தக் கம்பி 0.2 சதுர மி.மீ. தடிமன் என்றால், சுத்தச் செம்பாகவே இருந்தாலும் 2.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 புறப்பட்டு 9.4தான் வந்து சேரும். கேமரா அணையும். அணைந்ததும் லோடு இல்லாததால் வோல்டேஜ் ஏறும், மறுபடி எரியும். விடியவிடிய இதே ஆட்டம்தான்.

மலிவான 3+1 கேபிளில் (மூன்று சாதாரணக் கம்பியும் படத்துக்கு ஒரு கம்பியும் சேர்ந்தது) பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம்தான் இருக்கும். அதில் இழப்பு இன்னும் கூடும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்.

ராத்திரியில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதன் டி.சி. பின்னில் (கரண்ட் நுழையும் முனை) மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பின்னைப் பிடுங்கிவிட்டு அளந்தால் மீட்டர் 12 காட்டி ஏமாற்றும். 11க்குக் கீழே இருந்தால் காரணம் உறுதி.

கொல்லையில் பிளக் பாயின்ட் இருந்தால் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரை மழை படாத பெட்டிக்குள் வைத்து அங்கேயே கரண்ட் கொடுங்கள். படம் பழைய கேபிளிலேயே வரட்டும். அதிலுள்ள பழைய கரண்ட் கம்பிகளை மட்டும் இரு முனையிலும் கழற்றிவிடுங்கள். பிளக் இல்லையென்றால் 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி தனியாக இழுக்க வேண்டும். இழப்பு 1 வோல்ட் அளவில் நின்றுவிடும். எஸ்.எம்.பி.எஸ். (எல்லாக் கேமராவுக்கும் கரண்ட் தரும் பெட்டி) திருகைத் திருகி வோல்டேஜை ஏற்றிவிடும் வேலை வேண்டாம், பக்கத்துக் கேமராக்கள் பாதிக்கப்படும். கேமரா விலையில் மிச்சம் பிடிக்கலாம், கேபிளில் கூடாது.

கேள்வி: ஏற்காட்டில் தோட்ட வீடு. பனி இறங்கினால் ராத்திரி படம் முழுக்க வெள்ளை. ஆளே இல்லாமல் போனில் அலர்ட் வேறு.
– வாசகர், நாகலூர்

பனியில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் நிற்குமே, அதேதான் இது. கேமராவின் இன்ஃப்ராரெட் (ஐ.ஆர்.) வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்புகிறது. செட்டிங்ஸில் அந்த ஐ.ஆரை அணைத்துவிட்டு, 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றைக் கேமராவிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, பக்கவாட்டில் போடுங்கள். கனத்த பனியில் இதுவும் முழுதாகக் கைகொடுக்காது. கதவு திறந்தால் அலர்ட் தரும் மேக்னெட் சென்சார் ஒன்றும் வையுங்கள்.

அலர்ட்டுக்குக் காரணம் சிலந்தியாகவும் இருக்கலாம். லென்ஸுக்கு ஒரு விரல் தூரத்தில் ஆடும் ஒற்றை நூல், ஐ.ஆர். வெளிச்சத்தில் கயிறு மாதிரி தெரியும். வாரம் ஒருமுறை விளக்குமாற்றால் தட்டிவிடுங்கள். சிம் கேமரா என்றால் 1 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தாலே 450 எம்.பி. டேட்டா போய்விடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: வாடகை வீடு. ஒரே ஒரு வைஃபை கேமராதான் வாங்க முடியும். எங்கே மாட்டுவது?
– வாசகர், குகை (சேலம்)

வாசலைப் பார்த்து, 8 அடி உயரத்தில். 12 அடிக்கு ஏற்றினால் வருபவரின் உச்சந்தலைதான் பதிவாகும். 2 மெகாபிக்சல், 2.8 மி.மீ. லென்ஸ் என்றால் முன்பின் தெரியாதவர் முகம் அடையாளம் தெரிவது சுமார் 3 மீட்டருக்குள்தான். தெரு முழுக்கப் படம் வருகிறதே என்று மயங்க வேண்டாம். எதிர்வீட்டு வாசல் படத்தில் விழுந்தால் கோணத்தைத் திருப்புங்கள், வீண் சண்டை எதற்கு? மீட்டர் பெட்டி வெளியே இருக்கும் வீட்டில் யார் வேண்டுமானாலும் மெயினை அணைக்கலாம். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் மினி யு.பி.எஸ். வேண்டும்.

கேமராக்களுக்கென்றே வரும் எண்டூரன்ஸ் ரக மெமரி கார்டு வாங்குங்கள். 1 எம்.பி.பி.எஸ். பதிவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 11 ஜி.பி. ஆகும், 64 ஜி.பி. கார்டு ஐந்து நாள் தாங்கும். பிறகு பழைய காட்சியின் மேல் புதியது ஏறிவிடும். அதனால் ஏதாவது நடந்துவிட்டால் முதல் வேலையாகக் கேமராவை நிறுத்தி, கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.