பன்னிரண்டு அங்குலக் கை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (செந்தூல், கோலாலம்பூர்): என்னிடம் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 டர்ன்டேபிள் (இசைத்தட்டுப் பெட்டி) இருக்கிறது. எந்த எல்.பி. போட்டாலும் கடைசிப் பாட்டில் குரல் கரகரக்கிறது. 12 அங்குல டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) மாட்டினால் தீரும் என்கிறார்கள். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பெட்டியில் கையின் அச்சுக்கும் ஸ்பிண்டிலுக்கும் (தட்டை மாட்டும் நடு முள்) இடைவெளி 215 மி.மீ. நீளக் கைக்கு 290 மி.மீ.க்கு மேல் தேவை. அந்தப் பெட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இன்னொன்று, நீங்கள் கேட்கும் கரகரப்புக்கு நீளம் முதல் காரணமும் அல்ல. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும்போது, வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 510 மி.மீ. ஓடுகிறது, கடைசிப் பாட்டில் 210 மி.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கிறது. உருண்டை முனை ஊசியால் அந்த நெளிவுகளுக்குள் இறங்க முடியாது. தேய்ந்த ஊசி என்றால் கேட்கவே வேண்டாம்.

நீளத்தின் பயனையும் கணக்குப் பார்த்துவிடுவோம். தட்டை வெட்டிய முனை நேர்கோட்டில் நகர்ந்தது; நம் ஊசி வில்லாக நகர்கிறது. 1938-இல் லோஃப்கிரென், 1941-இல் பேர்வால்ட் என்ற ஆய்வாளர்கள் தந்த கணக்குப்படி அமைத்தால், மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு இடங்களில் கோணப் பிழை (ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்காமல் விலகும் அளவு) சுழியம். 230 மி.மீ. (9 அங்குல) கையில் வெளி விளிம்புப் பிழை 1.9 டிகிரி, 305 மி.மீ. (12 அங்குல) கையில் 1.4 டிகிரி. இவ்வளவு பணம் கொடுத்து வாங்குவது அந்த அரை டிகிரியைத்தான். ஆனால் ஓவர்ஹேங் (ஊசி முனை ஸ்பிண்டிலைத் தாண்டி நீளும் தூரம்) 1 மி.மீ. தவறினால், உள் வளையங்களில் கோணம் சுமார் 0.85 டிகிரி விலகும். கை குட்டையானாலும் நீளமானாலும் இந்த விலகல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, சரியாக அமைத்த 9 அங்குலக் கை, அலட்சியமாக அமைத்த 12 அங்குலக் கையைத் தோற்கடிக்கும்.

ஹெட்ஷெல்லின் (கை நுனியில் கழற்றி மாட்டும் தலை) ரப்பர் வளையத்திலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். டெக்னிக்ஸ் சொல்லும் அளவு அது. பிறகு ஊசி அழுத்தத்தை 0.01 கிராம் காட்டும் சிறு தராசில் சரிபாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், எலிப்டிகல் (நீள்வட்ட) அல்லது அதைவிடக் கூர்மையான முனையுள்ள ஊசிக்குச் செலவழியுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன், பினாங்கு): காரார்ட் 401 டர்ன்டேபிளுக்கு மெராந்தி மரத்தில் பிளிந்த் (அடிப்பெட்டி) செய்திருக்கிறேன். பழைய ஜெல்கோ 12 அங்குலக் கை கிடைத்தது, தாள் எதுவும் கூட வரவில்லை. எங்கே துளை போடுவது?

பதில்: துளைப்பதற்கு முன் பலகையைக் கவனியுங்கள். கையைத் தாங்கும் ஆர்ம்போர்டும் மெராந்தி என்றால் மாற்றிவிடுங்கள். இரவில் ஏர்கோன், பகலில் திறந்த ஜன்னல் என்று இருக்கும் நம் வீடுகளில் ஈரப்பதம் ஏறி இறங்கும். 290 மி.மீ. அகலத் திடமரம் நாருக்குக் குறுக்கே அரை மி.மீ. நகர்வது சாதாரணம். 10 மி.மீ. அலுமினியத் தகடு அல்லது பிர்ச் பிளைவுட் நல்லது. பிளிந்த்தின் மேல்தளமும் திடமரமென்றால், நார் ஸ்பிண்டிலிலிருந்து கையை நோக்கி ஓடும்படி இருக்கட்டும். நார்த்திசையில் அசைவு மிகக் குறைவு. கைக்குத் தனித் தூண் நிறுத்தும் பழக்கம் உண்டு. துடைக்கும்போது யாராவது இடித்தால் அளவு போச்சு, அதனால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

தயாரிப்பாளர் தந்த இடைவெளி கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். கிடைக்காவிட்டால், காட்ரிட்ஜை (ஊசி பொருந்திய சிறு பாகம்) ஹெட்ஷெல் துளைகளின் நடுவில் மாட்டி, கையின் அச்சிலிருந்து ஊசி முனை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவின் வர்க்கத்திலிருந்து 7979-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால், அச்சிலிருந்து ஸ்பிண்டில் மையம் வரை உள்ள தூரம் வரும். 305 மி.மீ.க்கு 291.6 மி.மீ.; ஓவர்ஹேங் 13.4 மி.மீ. ஹெட்ஷெல் கோணம் 17.8 டிகிரி அளவில் இருக்கும். 9 அங்குலக் கையின் 24 டிகிரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நேராகத் தெரியும், திருப்பிவிடாதீர்கள்.

பலரும் தவறுவது ஸ்பிண்டில் ஓரத்திலிருந்து அளப்பதில். அதன் விட்டம் சுமார் 7.2 மி.மீ.; ஓரத்திலிருந்து அளந்தால் 3.6 மி.மீ. கூட்ட வேண்டும். அதைவிட, ஒரு அலுமினியப் பட்டையில் 7.2 மி.மீ. துளையும், சரியான தூரத்தில் 2 மி.மீ. துளையும் போட்டு ஸ்பிண்டிலில் மாட்டி வில் வரையுங்கள். அந்த வில்லின் மேல் எந்த இடமும் கணக்குக்குச் சரி. தாங்கியில் ஓய்வெடுக்கும்போது கை தட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், எதிரெடை பின்சுவரில் இடிக்கக் கூடாது. இந்த இரண்டையும் பார்த்து இடத்தைத் தேர்ந்து, முதலில் 2 மி.மீ. துளை போட்டு மறுபடி அளந்த பிறகே பெரிய துளை.

1 மி.மீ.க்குள் பிசகினால் பயமில்லை. காட்ரிட்ஜை நகர்த்திச் சரிக்கட்டலாம். எஸ்.எம்.இ. 3012 போன்ற கைகளில் ஹெட்ஷெல்லில் நகர்த்த இடமில்லை, அடிப்பாகமே வழுக்கி நகரும்.

இறுதி அமைப்பு இரண்டு புள்ளி புரொட்ராக்டரில் (பிழை சுழியமாகும் இரண்டு இடங்களும் குறித்த அளவுத் தாள்). வீட்டில் அச்சிட்டால் பிரிண்டர் தாளுக்கு ஏற்பச் சுருக்கிவிடும், 100 மி.மீ. கோட்டை எஃகு ஸ்கேலால் அளந்து பாருங்கள். காட்ரிட்ஜ் உடலைப் பார்த்து நேராக்காமல், ஊசி பொருந்திய மெல்லிய தண்டைப் பார்த்து நேராக்குங்கள். இரண்டும் எப்போதும் ஒரே திசையில் இருப்பதில்லை.

ஜெல்கோ 2020-இல் மூடிவிட்டது, எஸ்.எம்.இ. 2019-இல் கைகளைத் தனியாக விற்பதை நிறுத்தியது. ஆகவே பழைய கை வாங்கும்போது அச்சின் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கையைச் சமநிலையில் மிதக்கவிட்டு மெல்ல ஊதினால் தங்குதடையின்றி நகர வேண்டும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்): 12 அங்குலக் கையில் ஆர்டோஃபோன் 2எம் ரெட் காட்ரிட்ஜ் மாட்டினேன். பாட்டே இல்லாத இடத்தில்கூட வூஃபர் (ஸ்பீக்கரின் பெரிய கூம்பு) உள்ளே வெளியே போய் வருகிறது. கை கெட்டுவிட்டதா?

பதில்: கை நன்றாகத்தான் இருக்கிறது. கைக்கும் காட்ரிட்ஜுக்கும் ஜோடி பொருந்தவில்லை. நீளக் கையின் பயனுறு நிறை (ஊசி முனையில் உணரப்படும் நிறை) 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். காட்ரிட்ஜ் 7.2 கிராம், திருகுகளோடு மொத்தம் சுமார் 28. அதைக் காட்ரிட்ஜின் இணக்கம் (ஊசித் தண்டின் நெகிழ்வு) 20-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் ஜோடி தானாக ஆடும் அதிர்வெண் வரும்: 6.7 ஹெர்ட்ஸ். வேண்டியது 8 முதல் 12 வரை. வெயிலில் நிறுத்திய காரில் வைத்து நெளிந்த தட்டுகளின் அசைவு இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது, கையும் கூடச் சேர்ந்து ஆடுகிறது.

இதே கைக்கு டெனான் டி.எல்-103 காட்ரிட்ஜ் பொருந்தும். ஜப்பானிய அளவுப்படி அதன் இணக்கம் 100 ஹெர்ட்ஸில் 5, சுமார் 1.7-ஆல் பெருக்கினால் 8.5. அதே கணக்கில் 10 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் அதன் முனை உருண்டை. செந்தூல் வாசகருக்குச் சொன்னது இங்கும் பொருந்தும். அது மூவிங் காயில் (கம்பிச்சுருள் நகரும்) வகை என்பதால், காட்ரிட்ஜின் ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பெட்டியும் மாற வேண்டியிருக்கலாம். 2எம்-ஐ விட மனமில்லை என்றால், லேசான ஹெட்ஷெல்லும், காதுக்கு எட்டாத தாழ் அதிர்வை வடிகட்டும் சப்சோனிக் ஃபில்டரும் ஓரளவு காப்பாற்றும்.

கேள்வி (பட்டர்வொர்த்): என்னிடம் இருப்பவை பெரும்பாலும் 7 அங்குல சினிமாப் பாட்டு இ.பி.க்கள். அதே அமைப்பு போதுமா?

பதில்: இ.பி.யில் பள்ளம் சுமார் 54 மி.மீ. வரை உள்ளே போகும். 66, 120.9 புள்ளிகளில் அமைத்த 305 மி.மீ. கையில் அங்கே பிழை 1.5 டிகிரி. 60.3, 117.4 புள்ளிகளுள்ள ஸ்டீவன்சன் புரொட்ராக்டரில் அமைத்தால் சுமார் 0.7. ஊசியை ஒன்றரை மி.மீ. பின்னுக்கு இழுத்து, காட்ரிட்ஜைச் சற்றே திருப்ப வேண்டியிருக்கும். எல்.பி.யின் வெளி விளிம்பில் பிழை கொஞ்சம் கூடும். உங்களுக்கு அது பொருட்டல்ல.

கேள்வி (கெப்போங், கோலாலம்பூர்): 12 அங்குலக் கைக்கு மாறினால் ஆன்டி-ஸ்கேட்டிங் (கை மையத்தை நோக்கி இழுபடுவதைத் தடுக்கும் அமைப்பு), கையின் உயரம் இரண்டும் பழைய அளவிலேயே வைக்கலாமா? மூடி மூடவில்லையே?

பதில்: ஹெட்ஷெல் கோணம் குறைவதால் உள்ளிழுக்கும் விசை கால்பங்குக்கு மேல் குறைகிறது, ஆன்டி-ஸ்கேட்டிங்கையும் அதற்கேற்பக் குறையுங்கள். உயரத்தில், 9 அங்குலக் கைக்கு 4 மி.மீ. ஏற்றினால் ஊசியின் சாய்வு 1 டிகிரி மாறும். இங்கே அதற்கு 5.3 மி.மீ. வேண்டும். அரை மி.மீ. ஏற்றிவிட்டு வித்தியாசம் தேடாதீர்கள். மூடிக்கு அக்ரிலிக் கடையில் அளவு கொடுத்துப் பெரிதாகச் செய்துகொள்ளுங்கள். தூசி ஒரு பக்கம், பல்லி இன்னொரு பக்கம். திறந்து வைக்க வேண்டாம்.