பெரிய மோட்டார் வாங்கும் முன்: வீட்டுச் செலவு பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்ட் பில் பற்றியவை. மீதி கேஸ், விறகு, சோலார். பில் தொகையை மட்டும் எழுதிவிட்டு யூனிட் எத்தனை என்று எழுதாதவர்கள் நிறைய. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து முதல் பதில்.

கரண்ட் பில் ரொம்ப அதிகமா வருது சார். எப்படிக் குறைக்கிறது? (தக்கலை)

எத்தனை யூனிட்? வீட்டில் எத்தனை பேர்? ஏசி உண்டா? கிணற்றில் மோட்டார் உண்டா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்ல? கடைசி ஆறு கணக்கெடுப்பின் யூனிட்டை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஏப்ரல், மே மாதக் கணக்கில் மட்டும் எகிறினால் ஃபேனும் ஏசியும்தான் காரணம். வருடம் முழுக்க ஒரே மாதிரி அதிகமாக இருந்தால் ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. மெயினை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னுவது நின்றுவிட வேண்டும். விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருந்தால் வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கிறது. எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், நாள் கடத்த வேண்டாம்.

நம்முடைய கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. யூனிட் ஏற ஏற மேல் யூனிட்டின் விலையும் ஏறும். ஆகவே நீங்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லிலேயே விலை கூடின யூனிட்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

பிளக்கில் சொருகினால் 40 சதவீதம் கரண்ட் மிச்சமாகும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு சின்ன விளக்கும் இருக்கும், அவ்வளவுதான். கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கரண்டில் வேலைக்குப் பயன்படும் பங்கை, சரிசெய்யும். அதனால் தொழிற்சாலைக்குப் பயன் உண்டு. வீட்டு பில் யூனிட் கணக்கில்தான் வருகிறது, அது ஒரு பைசாகூடக் குறையாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் கழற்றி வைத்துவிடுங்கள். மலிவான கெப்பாசிட்டர் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பழைய ஃபேனை மாற்றி பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் லாபமா? வீடு கடற்கரைப் பக்கம். (குளச்சல்)

லாபம்தான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி., அதாவது எலக்ட்ரானிக் போர்டு ஓட்டும் ஃபேன், 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் ஒரு பில்லுக்கு 30 யூனிட் மிச்சம். ஆனால் எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அதிக நேரம் ஓடுவதை முதலில் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறையின் ஃபேன் பழையதாகவே இருக்கட்டும். பழைய ரெகுலேட்டர் வழியாக இதை ஓட்டக் கூடாது, அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு சீக்கிரம் கெடும். அதனால் போர்டுக்கும் சேர்த்து வாரண்டி தருகிறார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

கிணற்றில் 1 எச்.பி. மோட்டார். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்ப ஒன்றரை மணி நேரம் ஆகிறது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரை எடுக்க வேண்டும். 1.5 எச்.பி. மாற்றினால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். (குலசேகரம்)

மாற்றாதீர்கள். இந்தக் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்கிறேன், இன்னும் பெரிய மோட்டார் விற்பனை நின்றபாடில்லை.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் ஃபுட்வால்வு, அதாவது உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி அடைப்பான், ஒழுகுகிறது. ராத்திரியில் குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மழையில் கரைந்து வந்த செம்மண்ணும் மட்டைத் துணுக்கும் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவி வாஷர் மாற்ற ஆகும் செலவு புது மோட்டார் விலையில் ஒரு மூலைக்கு வராது.

அதற்குப் பிறகும் தண்ணீர் மெல்லத்தான் வருகிறதா? தொட்டியில் விழும் தண்ணீரைப் பாருங்கள். காற்றும் தண்ணீருமாகத் துப்பித் துப்பி விழுந்தால் உறிஞ்சு குழாயில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. அடுத்தது உயரம். தண்ணீருக்கு வெளியே நின்று உறிஞ்சும் சாதாரண மோனோபிளாக் மோட்டாரால் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை ஒழுங்காக உறிஞ்ச முடியாது. காற்றழுத்தத்தின் எல்லை அது, எச்.பி. கூட்டினால் மாறாது. உங்கள் பக்கத்துக் கிணறுகளில் மழைக்காலத்தில் பத்தடியில் கிடக்கும் தண்ணீர் ஏப்ரலில் எங்கே போகிறது என்பது உங்களுக்கே தெரியும். மோட்டாரைக் கிணற்றுக்குள் படி கட்டிக் கீழே இறக்குங்கள். புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஓபன்வெல் சப்மெர்சிபிள் வாங்குங்கள். தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் உறிஞ்சும் வேலையே அதற்குக் கிடையாது.

கணக்கு இதுதான். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். எல்லாம் சரியாக இருந்தால் உங்கள் தொட்டி அரை மணி, முக்கால் மணி நேரத்தில் நிரம்ப வேண்டும். நீங்கள் தினமும் முக்கால் யூனிட்டுக்கு மேல் வீணாக்குகிறீர்கள். ஒரு பில்லுக்கு 50 யூனிட். மூன்று எல்.இ.டி. பல்பை அணைத்து அணைத்து மிச்சம் பிடிப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெரிய மோட்டாரால் இன்னொரு கெடுதலும் உண்டு. ஊற்று குறைந்த கிணற்றில் அது பத்து நிமிடத்தில் தண்ணீரை வற்றச்செய்துவிட்டு வெறும் காற்றை இழுத்து ஓடும். சீல் கருகும், மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) எரியும், அப்புறம் ரீவைண்டிங். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ளோட் சுவிட்சைத் தொட்டியில் போட்டால் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கும். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டார் கூப்பிட்டுச் சொல்லும் நிலை வராது. கடைசியாக, ஆனால் முதலில் செய்ய வேண்டியது: எர்த் இல்லாமல் கிணற்று மோட்டாரை ஓட்டாதீர்கள். ஈரத் தரை, ஈரக் கை, இரும்புக் குழாய். எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன்.

சம்பா அரிசிச் சோறு வேக ரொம்ப கேஸ் ஆகிறது. வழி உண்டா? (அருமனை)

தெர்மல் குக்கர் வாங்குங்கள். சூட்டை வெளியே விடாத பெட்டியும் அதற்குள் இறங்கும் பாத்திரமும்தான் அது. உங்கள் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். அரிசியை ஊறவைத்து, உள்பாத்திரத்தில் 15 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்படியே வெளிப்பெட்டிக்குள் இறக்கி மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, திறந்தால் சூடு போய்விடும். பயறும் கடலையும் முந்தின இரவே ஊறட்டும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றி ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். கேஸ் ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதில் மட்டும் காசு மிச்சம் பார்க்க வேண்டாம்.

கேஸை விட இண்டக்‌ஷன் அடுப்பு மலிவா? (நாகர்கோவில்)

உங்கள் கடைசி யூனிட் என்ன விலை என்பதைப் பொறுத்தது. 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷனில் செய்ய சுமார் 120 யூனிட் ஆகும். 120ஐ உங்கள் கடைசி யூனிட் விலையால் பெருக்கி, இன்றைய சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். கடைசி யூனிட் ஐந்து ரூபாய் என்றால் 600 ரூபாய், இண்டக்‌ஷன் நல்லது. எட்டு, ஒன்பது ரூபாய் அடுக்கில் இருப்பவர்கள் தேநீருக்கும் வெந்நீருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழியில் வீடு. காற்றுக்குக் குறைவே இல்லை. மாடியில் சின்னக் காற்றாலை வைக்கலாமா?

முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகள் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். மாடியில் வீசுவது சுவரிலும் மரத்திலும் மோதி உடைந்த காற்று. வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பணத்தில் சோலார் போடுங்கள்.

சோலார் போட ஆசை. மாடியைச் சுற்றித் தென்னை நிற்கிறது. (கருங்கல்)

காலை 9 முதல் மாலை 3 வரை மாடியில் எங்கே நிழல் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு பேனலில் ஓலை நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையலாம். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு நாலு யூனிட் கிடைக்கும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. 2024இல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார், அதாவது மின்வாரியக் கம்பியோடு இணைந்தது, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை, கேட்டு வாங்குங்கள். நிழலைக் குறைக்கத் தோட்டி (அரிவாள் கட்டிய நீளக் கம்பு) வைத்து ஓலை வெட்டுபவர்கள் கரண்ட் கம்பி பக்கம் அலுமினியத் தோட்டியைக் கொண்டுபோகவே கூடாது.

ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்து வைத்தால் மிச்சமாகுமா? (திங்கள்சந்தை)

பெரிதாக ஆகாது. காலையில் மறுபடி குளிர வைக்க அதே அளவுக்கு ஓடும், உள்ளே இருக்கும் மீன் கெட்டுப்போகும். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் சொருகி மூடிப் பாருங்கள். இழுத்தால் சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். குழம்பைச் சூட்டோடு உள்ளே வைக்காதீர்கள்.

மழையில் விறகு புகைகிறது. (பேச்சிப்பாறை)

ஈர ரப்பர் விறகு. அதன் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போகும். மழைக்கு முன்பே பிளந்து, காற்று நுழையும்படி அடுக்கி, கூரைக்குக் கீழ் வையுங்கள். பற்றவைக்கக் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சிரட்டையும் போதும்.

குளிக்க வெந்நீர் போட ஹீட்டர் ராடு நல்லதா? (தக்கலையிலிருந்து இன்னொருவர்)

ஒரு வாளிக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு, செலவு பெரிதில்லை. ஆனால் இரும்பு வாளியில் வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் அதைத் தொடவே தொடாதீர்கள்.