பழைய புத்தகமும் பெரிய திரையும்

அன்புள்ள தம்பிக்கு,

எங்கள் ஐயா சேர்த்து வைத்த புத்தகங்கள், அந்தக் காலத்தில் காரைக்குடியிலிருந்து வந்த ‘ஊழியன்’, ‘குமரன்’ இதழ்கள் சில, அப்புறம் வீட்டுப் பேரேடுகள் என்று எல்லாவற்றையும் மகன் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கித் தந்திருக்கிறான். போனில் படித்தால் கண் எரிகிறது. கையில் இருக்கும் சின்ன கிண்டிலில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. பத்து அங்குலத் திரை உள்ள மின்நூல் கருவி வாங்கித் தருகிறேன் என்கிறான். அவ்வளவு காசு போட்டு வாங்க வேண்டுமா? பேரேட்டுக் கையெழுத்தையும் அதில் படிக்க முடியுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சிக்கு,

வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் புத்தகங்களுக்கு அது தேவை.

இன்று மின்நூலாக விற்கிற நாவலை மட்டும் படிப்பவர் என்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அந்த நூல்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்ளும். ஆறு அங்குலமே தாராளம். ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம். அதில் வரி மடியாது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். இக்கருவிகளின் மின்மைத் திரை (இ-இங்க்) ஒவ்வொரு இழுப்புக்கும் தன்னைத் திரும்ப வரைந்துகொள்வதால் அது பெரிய தொல்லை.

நம் பழைய நூல்களில் பல டெமி அளவு, அதாவது ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஆறு அங்குலத் திரையின் உயரம் 12 செ.மீ. தான். அதில் பக்கம் பாதியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 10.3 அங்குலத் திரை சுமார் 16 செ.மீ. அகலமும் 21 செ.மீ. உயரமும் உள்ளது. ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால், ஐயா படித்த அதே அளவு எழுத்தை, சில நூல்களில் அதைவிடப் பெரிதாகவே, நீங்களும் படிக்கலாம். அதைவிடச் சிறிய கிரவுன் அளவுப் புத்தகம் இன்னும் வசதி. பத்திர நகல், ஆய்வேடு போன்ற ஏ4 தாள்கள் மட்டும் முக்கால் அளவுக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும். அவைதான் அதிகம் என்றால் 13.3 அங்குலம் பார்க்கலாம், உங்களுக்கு வேண்டியதில்லை. பத்து அங்குலமே 400 கிராமை ஒட்டி வரும். சாய்ந்து உட்கார்ந்து படிக்க அதற்கு மேல் கனம் கூடாது.

‘படத்தை எழுத்தாக மாற்றிவிட்டால் சின்னதிலேயே படிக்கலாமே’ என்று மகன் கேட்கக்கூடும். இன்றைய அச்சுக்கு அது நன்றாகவே வருகிறது. உங்கள் நூல்களோ 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியவை. துதிக்கை வைத்த லை, னை, பழைய றா, னா, தேய்ந்த அச்சு எல்லாம் சேரும்போது மென்பொருள் திணறுகிறது. செய்யுளும் உரையும் கலந்த பக்கத்தில் சீர் பிரிப்பே குலைந்துபோகும். ஒரு தமிழாசிரியை பிழை மலிந்த பாடத்தைப் படிப்பதைவிட, அச்சான பக்கத்தை அச்சானபடியே படிப்பதுதான் முறை. அந்தக் காலத்து விளம்பரம், சந்தா அறிவிப்பு, பக்கத்தின் மேலே யாரோ போட்ட கையெழுத்து எல்லாம் கூடவே கிடைக்கும். ‘ஊழியன்’ காரைக்குடியில் பேசிய பேச்சை அந்தப் பக்க அமைப்போடு பார்க்கிற சுகமே வேறு. இதழ்கள் பத்தி பிரித்தவையாக இருந்தால் ‘கோரீடர்’ என்ற இலவசச் செயலி ஒவ்வொரு பத்தியாகக் காட்டும். ஓரம் வெட்டுவது, எழுத்தை அழுத்தமாக்குவது இரண்டும் அதிலேயே உண்டு.

இப்போது முக்கியமான வேலைக்கு வருகிறேன். கருவி வந்த அன்று பழுப்பேறிய பக்கத்தைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கும். இந்தத் திரை 16 சாம்பல் நிறங்களைத்தான் காட்டும். தாளின் பழுப்பு சாம்பல் திரையாகப் படர்ந்து எழுத்தை அமுக்கிவிடும். கணினியில் ‘ஸ்கேன் டெய்லர்’ என்ற இலவச மென்பொருளால் பக்கங்களைக் கறுப்பு வெள்ளையாக்கி, கோணலை நிமிர்த்தி, பிறகு கருவியில் ஏற்றச் சொல்லுங்கள். எழுத்து புது அச்சாகத் தெளியும், கோப்பும் சிறுத்துவிடும்.

ராமபாணப் பூச்சி துளைத்த பக்கங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். துளை வழியே அடுத்த பக்கத்து மை தெரியும். கறுப்பு வெள்ளையாக்கும்போது அது கரும்புள்ளியாக நின்று ‘க’வை ‘க்’ ஆக்கிவிடும். யாப்பு தெரிந்த உங்களுக்குத் தளை தட்டுவது உடனே புரியும், மற்றவர்களுக்குப் புரியாது. அத்தகைய பக்கத்தின் பின்னே வெள்ளைத் தாள் வைத்து மறுபடி ஸ்கேன் செய்யட்டும். தாள் மெலிந்து பின்பக்க எழுத்து ஊடே தெரிந்தால் கறுப்புத் தாள் வைக்க வேண்டும்.

பேரேட்டுக்கு இந்தக் கருவி சரிவராது. மங்கிய மையும் வேறு நிற மையும் சாம்பலில் ஒன்றாகிவிடும். தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் உற்றுப் பார்க்க அடிக்கடி பெரிதாக்க வேண்டும், அதற்கு இத்திரை மெதுவானது. பேரேட்டை வண்ணப் படமாகவே வைத்து, ஐந்தொகை (வரவு செலவு முடிவுக் கணக்கு) பார்ப்பதைக் கணினியிலேயே செய்யுங்கள். பேனாவோடு வரும் கருவி வாங்கினால் நூல் பக்கத்தின் ஓரத்தில் உங்கள் பாடக் குறிப்பை எழுதலாம். அதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் செலவழிக்கலாம்.

கண் விஷயம்: திரைக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. வெளிச்சத்தை அது முகத்தில் அடிப்பதில்லை. முற்றத்து வெயிலில் காகிதம்போல் தெரியும். இரவில் படிப்பீர்கள் என்றால் முன்விளக்கு உள்ளதா என்று பாருங்கள், சிலவற்றில் கிடையாது. விலை சின்னதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆகும். பலவற்றில் உள்ளே கண்ணாடி இருப்பதால் அழுத்தினால் உடையும். பழுது பார்க்க இங்கே ஆள் உண்டா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடட்டும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஆச்சி. ஸ்கேன் ஆகிவிட்டதே என்று மூலப் புத்தகங்களை எடைக்குப் போட யாரையும் விடாதீர்கள். நம் பக்கம் பெட்டகம் காலியாகும்போது முதலில் போவது காகிதம்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியாளாகச் சேர்த்துக் காத்த நூல்களையும் இதழ்களையும், 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. உங்கள் ‘குமரன்’ இதழ்களில் அந்த நூலகத்தில் இல்லாத இதழ் ஏதும் இருக்கிறதா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள்.

ஏதாவது ஓர் இதழின் ஸ்கேனை எனக்கு அனுப்புங்கள். சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறேன். வாங்கும் முன் யாரிடமாவது பெரிய கருவி இருந்தால் அதில் ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.