ஆய்வுக் கட்டுரையை எடைபோடக் கற்றுக்கொடுப்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: மாதம் ஒருமுறை ஜர்னல் கிளப் (ஆய்வுக் கட்டுரையைப் படித்து விவாதிக்கும் கூட்டம்) நடத்துகிறோம். ஒருவர் ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறார், மற்றவர்கள் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறார்கள். எங்கிருந்து மாற்றுவது ஐயா? – துறைத் தலைவர், சேலம்

பதில்: கட்டுரையை மூடிவைத்துவிட்டு நோயாளியிடமிருந்து தொடங்குங்கள். அந்த வாரம் வார்டில் நிஜமாகவே எழுந்த ஒரு சந்தேகம் போதும். யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலனுக்காக என்று பலகையில் எழுதவைத்த பிறகே கட்டுரையைத் தேடச் சொல்லுங்கள். தன் நோயாளிக்காகத் தேடியதை யாரும் தூங்கிக்கொண்டே படிப்பதில்லை.

கேள்வி: முதல் வகுப்புக்கு எந்தக் கட்டுரை நல்லது? – உதவிப் பேராசிரியர், திருச்சி

பதில்: நான் எப்போதும் எடுப்பது 1991இல் முழு முடிவுகளோடு வெளிவந்த 'காஸ்ட்' ஆய்வு. அதை இரண்டு பாதியாக வெட்டிக் கொடுப்பேன். மாரடைப்புக்குப் பின் இதயம் இடையிடையே தப்புத் துடிப்பு துடித்தால் மரண அபாயம் கூடுகிறது. என்கைனைடு, ஃப்ளெக்கைனைடு மாத்திரைகள் அந்தத் துடிப்பை அடக்குகின்றன. முதல் பாதியில் இவ்வளவுதான். "எழுதிக்கொடுப்பீர்களா?" என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலான கைகள் உயரும். அப்போது அடுத்த பாதியைத் தருவேன்: மாத்திரை பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், மருந்துப்போலி (மருந்தே இல்லாத போலி மாத்திரை) பெற்ற 743 பேரில் 26 பேர்.

அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. முதலில் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, தப்புத் துடிப்பு அடங்கியவர்களை மட்டுமே மாத்திரைப் பிரிவு, மருந்துப்போலிப் பிரிவு என இரண்டாகப் பிரித்தார்கள். அதாவது, இசிஜியில் மருந்து 'வேலை செய்த' நோயாளிகளே கூடுதலாக இறந்தார்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மாணவர்களே பேசட்டும். இசிஜி திருந்துவதும் ஆள் பிழைப்பதும் ஒன்றல்ல என்பதை அவர்கள் வாயாலேயே கேட்பீர்கள்.

கேள்வி: எங்கள் செவிலியர்களுக்குப் புள்ளியியல் என்றாலே பயம். – செவிலியர் பயிற்றுநர், மதுரை

பதில்: கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும் அம்மா. 1995இல் வெளியான மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வில், பிராவாஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை மாரடைப்பையும் இதயநோய் மரணத்தையும் 31 சதவீதம் குறைத்தது. ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் மருந்துப்போலிப் பிரிவில் 7.9 சதவீதம் பேருக்கு அந்தப் பாதிப்பு, மாத்திரைப் பிரிவில் 5.5. வித்தியாசம் 2.4. நூறை அதால் வகுத்தால், ஒருவரைக் காக்க சுமார் 42 பேர் ஐந்தாண்டு மாத்திரை சாப்பிட வேண்டும். 31 என்பதும் பொய்யில்லை, 7.9இல் 2.4 என்பது ஏறக்குறைய அவ்வளவு பங்குதான். ஆனால் நோயாளிக்கு எதைச் சொல்வீர்கள் என்று கேளுங்கள், விவாதம் சூடுபிடிக்கும்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள். நம் ஊரில் எதுவும் இல்லையா? – முதுநிலை மாணவி, தஞ்சாவூர்

பதில்: உலகமே பாடம் கற்ற ஆய்வு சென்னையில் 1956இல் தொடங்கியதுதான். காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, கவனிப்பு எல்லாம் இருந்தும், வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. நோயாளியோ மருத்துவரோ விருப்பப்படி இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த முடிவை நம்பியிருக்க முடியுமா? குலுக்கல் எதற்கு என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேள்வி: கற்றுக்கொண்ட பிறகு எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் குறை சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். – மருத்துவர், கோவை

பதில்: குறை சொல்பவரிடம் உடனே கேளுங்கள்: அந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும், எவ்வளவு சாய்க்கும்? பதில் இல்லையென்றால் அந்தக் குறையைப் பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடங்களை ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள்: நாளைக் காலை ரவுண்ட்ஸில் அந்த நோயாளிக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?