ஆட்சி மாறினால் மக்களின் எண்ணமும் உடனே மாறிவிடுமா?

மாறாது. வசதியுள்ளவர்களிடம் வரி வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுப்பது அரசின் கடமையா என்று கேட்டால், ஒருவர் சொல்லும் பதிலில் அவர் வளர்ந்த ஆட்சிமுறையின் தடம் இருக்கும். இதற்கு ஜெர்மனியே நல்ல சான்று. ஒரே மொழி பேசும் மக்கள் 1949 முதல் 1990 வரை கிழக்கில் கம்யூனிச ஆட்சி, மேற்கில் சந்தைப் பொருளாதாரம் என இரு நாடுகளாக வாழ்ந்தார்கள். இணைப்புக்குப் பின், கிழக்கில் வாழ்ந்தவர்களே அரசின் உதவியை அதிகம் ஆதரிப்பதை பொருளியலாளர்களான அல்பர்ட்டோ அலெசினாவும் நிக்கோலா ஃபுக்ஸ்-ஷுண்டெல்னும் கண்டார்கள். கையில் காசு குறைவு என்பது மட்டும் காரணமல்ல. வருமானத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நின்றது, முதியவர்களிடம் கூடுதலாகவே. இந்த இடைவெளி மறைய ஒன்றிரண்டு தலைமுறை ஆகும் என்பது 2007இல் வெளியான அவர்கள் கணிப்பு.

இதைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம். வேலைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் அரசே பொறுப்பேற்ற சூழலில் வளர்ந்தவர்களுக்கு அது சலுகையல்ல, உரிமை.