அப்பாவைக் கையெழுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள்

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இருபது நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை முடித்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா, அம்மா, கடனை அடைக்க வீட்டை விற்கவென்று கனடாவிலிருந்து வந்து நிற்கும் மகன், இடையில் ஒரு காணித் தரகர். வாசித்த நண்பர்கள் "கதை நல்லாயிருக்கு, ஆனா ஆக்கள் ஒருத்தரும் மனசில நிக்கேல்லை" என்றார்களாம். ஒவ்வொருவருக்கும் இன்னும் நீளமாக வாழ்க்கைக் குறிப்பு எழுதட்டுமா, அப்பாவுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி ஏதாவது பழக்கம் சேர்க்கட்டுமா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம், தம்பி. அப்பாவைப் பற்றி 'நேர்மையானவர், பாசமானவர், கொஞ்சம் பிடிவாதக்காரர்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். கமராவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆள் என்ன செய்கிறார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதிலும் இரண்டு பக்கமும் இழப்பு இருக்கும்போது எந்தப் பக்கம் போகிறார் என்பதில்தான் ஒரு ஆள் பார்க்கிறவர் மனதில் பதிவார். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஒரு நெருக்கடி இருபது நிமிடத்திலும் வரவேயில்லை. கடைசியில் கண் கலங்கி, சரி விற்போம் என்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் நெருக்கடி உங்கள் கதைக்குள்ளேயே கிடக்கிறது. வீடு அம்மாவின் சீதனம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள விதி இது. அப்படியென்றால் வீடு அம்மாவுடையது, தடுக்கும் பலம் அப்பாவிடம், அவசரம் மகனுக்கு. மூன்று பேரையும் உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் விறாந்தையில் கொண்டுபோய் இருத்துங்கள். முத்திரை வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போட வேண்டும், இல்லையென்றால் வாங்குபவர் விலகிவிடுவார் என்று தரகர் அங்கே வைத்துச் சொல்லட்டும். பொய் சொல்லாதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் படிப்பித்த மனிதர் இப்போது கையெழுத்து வைத்தால் தன் பேச்சை விட வேண்டும், வைக்காவிட்டால் கடனில் நிற்கிற மகனைக் கைவிட வேண்டும். எதைச் செய்தாலும் பரவாயில்லை, பார்க்கிறவர் அவரை மறக்க மாட்டார்.

மகனையும் கொஞ்சம் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவனைக் காசாசை பிடித்தவனாகக் காட்டுவது எங்கள் குறும்படங்களில் அலுத்துப்போன விஷயம். அவன் பக்கத்து நியாயத்தை நீங்களே ஒருதரம் வக்கீல் மாதிரி நின்று வாதாடிப் பாருங்கள். உங்களுக்கே அவன் சொல்வது சரியென்று படாவிட்டால் அந்தப் பாத்திரம் இன்னும் தயாராகவில்லை.

பழக்கங்களை எப்போது சேர்க்கலாம்? அந்தப் பழக்கம் ஒரு நாள் முறியும் என்றால் சேர்க்கலாம். வெற்றிலை போடுவதால் கதைக்கு ஒன்றும் நடக்காது. அதைவிட, கலியாணக் கார்ட் வந்தாலும் கோயில் நோட்டீஸ் வந்தாலும் சிவப்புப் பேனையால் எழுத்துப்பிழை திருத்துகிற மனிதராக அவரை இரண்டு இடத்தில் காட்டிவிட்டு, உறுதியில் அம்மாவின் பெயரே பிழையாக இருப்பதை அவர் கண்டும் பேனையைத் திறக்காமல் இருக்கிறார் என்று வையுங்கள். வசனமே தேவையில்லை.

நீங்கள் வைத்திருக்கும் 1995 போர்க்கால இடப்பெயர்வு ஃப்ளாஷ்பேக் பற்றி. ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே நடந்தது, உங்கள் படத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேரின் வீட்டிலும் அந்தக் கதை இருக்கிறது. துயரத்தைக் காட்டினால் பாத்திரம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம், வராது, ஏனென்றால் அது எல்லாருக்கும் பொதுவான துயரம். அன்றிரவு கையில் எதை எடுத்தார்கள் என்று கேளுங்கள். அம்மா வீட்டு உறுதிப் பத்திரங்களை எடுத்தார், அப்பா வகுப்பு இடாப்பை, அதாவது வரவுப் பதிவேட்டை எடுத்தார் என்றால் இருவரும் அந்த இடத்திலேயே பிரிந்து தெரிகிறார்கள். அதைப் படமாக்கக்கூட வேண்டாம், சண்டையில் அம்மா ஒரு வரியில் குத்திக் காட்டினால் போதும், செலவும் மிச்சம்.

உங்கள் திரைக்கதையில் எல்லாரும் ஒரே மாதிரிக் கதைக்கிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டு வசனங்களை மட்டும் நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள், யார் பேசுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். சென்னைப் படத்துத் தமிழை முதலில் வெளியே எடுங்கள். அப்புறம் எங்களிடம் இருக்கிற, மரியாதையில் படிப்படியாகக் கூடும் நீ, நீர், நீங்கள் என்ற மூன்றையும் பயன்படுத்துங்கள். அப்பா மனைவியை "நீர்" என்றும் மகனை "நீ" என்றும் சொல்லிக்கொண்டே வந்தவர், விறாந்தையில் மகனைப் பார்த்து "உங்கட விருப்பப்படி செய்யுங்கோ" என்கிறார் என்று வைத்துப் பாருங்கள். கத்தினால்கூட அவ்வளவு சுடாது.

வாழ்க்கைக் குறிப்பு ஆளுக்கு ஒரு பக்கம் தாராளம். என்ன வேண்டும், எதை இழக்கப் பயப்படுகிறார், யாரிடம் எதை மறைக்கிறார், இவ்வளவும் இருந்தால் போதும். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம் எல்லாம் காட்சிக்குத் தேவைப்பட்டால் அப்போது யோசிக்கலாம்.

ஒரு பக்கம் சுமாராக ஒரு நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. இருபது பக்கத்தில் நாலு பேரையும் ஆழமாக எழுத இடம் இல்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் முழு இடத்தையும் கொடுங்கள், அம்மா குறைவாகப் பேசி ஒரே ஒரு முடிவு எடுக்கட்டும். தரகருக்கு முன்கதை எழுதியிருக்கிறீர்கள், அதை வெட்டிவிடுங்கள், அவருக்கு நாலு வரி வசனமும் கக்கத்தில் ஒரு ஃபைலும் போதும்.