காதுக்குள் எண்ணெய் விடலாமா?

வாசகர் கேள்விகளுக்குச் சித்த மருத்துவர் பதில்

கேள்வி: என் ஆறு வயது மகன், சளி பிடித்த மூன்றாம் நாள் நள்ளிரவில் காது குத்துகிறது என்று அழுதான். என் மாமியார் பூண்டை நசுக்கி நல்லெண்ணெயில் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டதும் அரை மணி நேரத்தில் உறங்கிவிட்டான். மறுமுறை வலி வந்தபோது நாங்கள் பார்த்த மருத்துவர், காதில் எண்ணெயே விடக் கூடாது என்று கண்டித்தார். மூன்று தலைமுறையாகச் செய்து வருவது எப்படித் தவறாகும்?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: தங்கள் மாமியாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே சிறு வயதில் காதில் பூண்டெண்ணெய் வாசனையோடு பள்ளிக்குச் சென்றவன். ஆனால் அந்த எண்ணெய் எதுவரை போகிறது என்று பார்த்தால், மருத்துவர் கண்டித்ததன் காரணம் விளங்கும்.

காதுத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரையுள்ள பாதை பெரியவர்களுக்கே ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர்தான். சளியோடு வரும் காதுவலி அந்தப் பறைக்கு அப்பால், நடுக்காதில் உண்டாவது. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் பெரியவர்களுக்கு ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளத்தில் சாய்வாக அமைந்திருக்கும். குழந்தைகளுக்கோ அது குட்டையாகவும் ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் இருப்பதால், சளியினால் வீங்கி எளிதில் அடைத்துக்கொள்ள, நடுக்காதில் நீர் தேங்கிப் பறையை உள்ளிருந்து அழுத்துகிறது. படுத்தால் அழுத்தம் கூடும். பகலெல்லாம் ஓடி விளையாடிய பிள்ளை நடு இரவில் காதைப் பிடித்துக்கொண்டு எழுவது அதனால்தான். பறை முழுதாக இருந்தால் நாம் விடும் எண்ணெய் அந்த நீரைத் தொடுவதே இல்லை. பறையில் துளை விழுந்திருந்தால் சமையலறை எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் இறங்கிவிடும். இரண்டில் எது என்பதை வீட்டிலிருந்தபடி கண்டுபிடிக்க முடியாது.

பிறகு எப்படி உறங்கினான் என்று கேட்பீர்கள். பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற பொருளுக்குக் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் உண்டு; ஆனால் காய்ச்சும்போது அதில் பெரும்பகுதி அழிந்துவிடும். காய்ச்சாமல் பச்சையாகச் சாறு விட்டால் தோல் வெந்துபோகும். இஸ்ரேலில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், நடுக்காது அழற்சி இருந்த 103 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பூண்டும் வேறு சில மூலிகைகளும் ஊறிய ஆலிவ் எண்ணெய்ச் சொட்டுகளையும், மற்றவர்களுக்கு மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பிரிவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. மூலிகைக்குச் சார்பாக இதைச் சொல்பவர்கள் உண்டு. எதுவுமே விடாத ஒரு பிரிவு அதில் இல்லாததால், தானாகத் தணிந்த வலி எவ்வளவு என்பதை அதிலிருந்து பிரித்தறிய இயலாது என்பது என் கருத்து. தங்கள் மகனுக்குச் சுகம் கொடுத்தது பெரும்பாலும் அந்த இளஞ்சூடும் பாட்டியின் மடியும்தான்.

அந்தச் சூட்டைக் காதுக்கு வெளியே கொடுக்கலாம். கல் உப்பு இரண்டு கைப்பிடி எடுத்து வெறும் வாணலியில் வறுத்து, கிடைத்தால் நான்கைந்து நொச்சி இலைகளையும் அதிலேயே வதக்கி, பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக மடித்து முடிந்துகொள்ளுங்கள். உப்பு சூட்டை நெடுநேரம் விடாது. ஆகவே உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் அரை நிமிடம் வைத்து, உறுத்தாமல் இருந்தால் மட்டும் காதின் முன்புறத்திலும் பின்புறத்திலும் மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நொச்சி நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த இலையாகவும் கிடைக்கும் என்றாலும், வதக்கும்போது எழும் வாசனைக்குப் பச்சை இலைதான் நல்லது. தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுக்க வையுங்கள். எடைக்கேற்ற அளவில் மருத்துவர் எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் வீட்டில் இருந்தால் அதைக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்தி வேது பிடிப்பதை மட்டும் பெரியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையின் கை பட்டுப் பாத்திரம் கவிழ்ந்தால் காதுவலியை விடப் பெரிய துன்பம் வந்து சேரும்.

காதிலிருந்து சீழோ இரத்தமோ வடிந்தாலும், காதின் பின்னெலும்பு வீங்கிச் செவிமடல் முன்னே தள்ளியிருந்தாலும், முகம் ஒரு பக்கம் கோணினாலும், காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து கிடந்தாலும் ஒத்தடத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பெரம்பூரிலிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை தொலைவில் இல்லை. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காதில் நோய் என்று ஐயம் தோன்றினாலே வீட்டு வைத்தியம் கூடாது. தாய்ப்பாலைக் காதில் பீச்சுவதும் இதில் அடங்கும்.

கேள்வி: வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில் காதிலும் நல்லெண்ணெய் விட்டு, பிறகு பட்ஸால் துடைப்பேன். சில மாதங்களாகக் காதில் தீராத அரிப்பு. காது மடலைத் தொட்டாலே வலிக்கிறது. வேப்பெண்ணெய்க்கு மாறலாமா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: மாற வேண்டாம், எண்ணெயையே நிறுத்துங்கள். மடலை இழுத்தாலோ முன்புறக் குமிழை அழுத்தினாலோ வலி கூடுவது புறக்காதுப் பாதையில் அழற்சி இருப்பதன் அடையாளம். சென்னையின் புழுக்கத்தில், எண்ணெய்ப் பசையும் குளித்த நீரும் தேங்கிய காது பூஞ்சைக்கு நல்ல விளைநிலம். ஈர ரொட்டியில் படர்வதைப் போலவே கருப்புப் புள்ளிகளோடு அது படர்வதை மருத்துவர் கருவியின் வழியே காண்பார். குறும்பி அழுக்கன்று, காது தனக்குத்தானே பூசிக்கொள்ளும் காப்பு. பட்ஸ் அதைச் சுரண்டியெடுத்து, மிச்சத்தைப் பறையை நோக்கித் தள்ளிவிடுகிறது. குளித்தபின் துண்டின் நுனியால் வெளிமடலைத் துடைத்தாலே போதும். சர்க்கரை நோய் இருந்து இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால், நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காதைக் காட்டிய பிறகு சித்த சிகிச்சை வேண்டுமென்றால் அரும்பாக்கத்திலோ தாம்பரம் சானடோரியத்திலோ உள்ள அரசு சித்த மருத்துவமனைக்குச் செல்லலாம்.

கேள்வி: காதில் பூச்சி நுழைந்துவிட்டால்?
(வாசகி, திருவான்மியூர்)

பதில்: காதில் எண்ணெய்க்கு இடமுள்ள தருணம் இது ஒன்றுதான். இதற்கு முன் சீழ் வடிந்ததில்லை, பறையில் துளையில்லை என்று தெரிந்தால், உடற்சூட்டில் உள்ள தேங்காய் எண்ணெயைச் சில சொட்டு விட்டுப் பூச்சியின் துடிப்பை அடக்கலாம். எண்ணெய் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் தலைசுற்றும். பூச்சியை ஊசியால் எடுக்க முயலாமல் மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிராம்புத் தைலத்தை வலிக்கிற காதில் விடலாமா?
(வாசகர், மயிலாப்பூர்)

பதில்: கூடாது. அதிலுள்ள யூஜினால் என்ற காரமான பொருள் காதின் மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்லுக்கும் காதுக்கும் செல்லும் நரம்புகள் நெருங்கியவை என்பதால், பல்வலி காதுவலியாகவே தோன்றும். அப்படியானால் பல் மருத்துவரைப் பார்க்கும்வரை, பஞ்சில் ஒரு சொட்டுக் கிராம்புத் தைலத்தைத் தொட்டு ஈறில் படாமல் சொத்தைப் பல்லில் வைக்கலாம்.